வண்டலூருக்கு வந்த ரோவர்: ஸ்டாண்டர்டு 2000 கதை

இந்த வாரம் கார் கதை. அதுவும் சொகுசு கார்.

"முதுநகர்ல ஏதுடா சொகுசு கார்? துறைமுகம் பக்கம் மீன் லோடு வண்டிதான் நிக்குது"ன்னு நம்ம ஊர் ஆட்கள் சிரிப்பது எனக்குக் கேட்குது. நியாயம்தான். ஆனால் முதுநகரில் ரயில் ஏறி விழுப்புரம் வழியாகச் சென்னைக்குப் போகிற யாரும் ஒரு கார் வரலாற்றை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். செங்கல்பட்டு தாண்டினால் பரனூர். ஸ்டேஷனை ஒட்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டி, அதற்குள் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை. அடுத்து சிங்கப்பெருமாள் கோவில், அதற்கடுத்து மறைமலை நகர். ஃபோர்டு 2022 வரை கார் செய்த இடம். பிறகு கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர்.

இந்தக் கடைசி இரண்டு ஸ்டேஷன் இருக்கும் பகுதிதான் இன்றைய எபிசோடு. இன்று அங்கே ஐடி பூங்காவும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. நம்மில் சிலர் அங்கேயே ஐடி கார்டு மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறோம். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை இருந்தது. பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1985-இல் அவர்கள் ஒரு சொகுசு கார் விட்டார்கள். ஸ்டாண்டர்டு 2000. மூன்றே வருடத்தில், 1988-இல், தொழிற்சாலையே மூடப்பட்டது.

(வண்டலூர் மிருகக்காட்சி சாலையை எம்ஜிஆர் திறந்து வைத்ததும் 1985-இல்தான். ஒரே வருஷம் ஒரே ஏரியாவில் ரெண்டு திறப்பு. எது நிலைச்சுதுன்னு உங்களுக்கே தெரியும்.)

ஒரு சொகுசு கார் ஏன் ஒரு தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்த முடியாமல் போனது? இதற்கு இணையத்தில் ஒரு வரிப் பதில் கிடைக்கும்: "பழைய எஞ்சின் போட்டாங்க, ஊத்திக்கிச்சு." அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதிக்கு ஜாகுவார் வரைக்கும் போக வேண்டியிருக்கு. வாங்க.

அழகான உடம்பு

ஸ்டாண்டர்டு 2000-இன் உடம்பு நம்முடையது கிடையாது. அது பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1976-இல் அங்கே வெளிவந்தது. டேவிட் பாச் வடிவமைத்தார். முன்பக்கத்தைப் பார்த்தால் ஃபெராரி டேடோனா ஞாபகம் வரும். அவரே அதைப் பார்த்து ஈர்க்கப்பட்டவர்தான். பெரிய கார், ஐந்து கதவு, பின்னால் தூக்கித் திறக்கும் ஹேட்ச்பேக். 1977-இல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது இதற்குத்தான் கிடைத்தது. பிரிட்டிஷ் போலீஸ் நெடுஞ்சாலை ரோந்துக்கு இந்தக் காரை வைத்திருந்தார்கள். காரணம் உள்ளே இருந்த 3.5 லிட்டர் வி8 எஞ்சின். சுமார் 155 குதிரைத்திறன்.

இதே உடம்பு வண்டலூருக்கு வந்தபோது அந்த வி8 வரவில்லை. பதிலாக 1991 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருந்தது. 83 குதிரைத்திறன். நம்ம ரோட்டுக் குழிக்காக சஸ்பென்ஷனைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதனால் எஸ்டி1-க்கே உரிய அந்தத் தரையோடு ஒட்டிய தோற்றமும் கொஞ்சம் போனது.

சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம், இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டும். இந்தக் கார் 1,300 கிலோவுக்கு மேல் எடை. 83-ஐ அதால் வகுத்தால் ஒரு டன்னுக்கு அறுபத்திச் சொச்சம் குதிரைத்திறன். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ஐ எடுத்துக்கோங்க. 796 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், எடை 650 கிலோவுக்குள். ஒரு டன்னுக்கு அதுவும் அறுபத்திச் சொச்சம்தான். அதாவது முதலாளி ஓட்டும் சொகுசு காரும், பேங்க் ஆபீசர் கடன் போட்டு வாங்கிய குட்டிக் காரும் சிக்னலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பச்சை விழுந்ததும் காகிதக் கணக்குப்படி ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் கிளம்பும். பெட்ரோல் குடிப்பதில் மட்டும் ஒண்ணா இருக்காது.

டிராக்டரும் ஸ்போர்ட்ஸ் காரும் பகிர்ந்த எஞ்சின்

அந்த 1991 சிசி எஞ்சின் எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த எபிசோடிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஒரு எஞ்சின் குடும்பத்தை உருவாக்கியது. அதை மூன்று இடத்தில் பயன்படுத்தினார்கள். ஒன்று, வேன்கார்டு என்ற குடும்பக் கார். இரண்டு, ஃபெர்குசன் டிராக்டர். உலகம் முழுக்க 'சின்ன சாம்பல் நிற டிராக்டர்' என்று செல்லப் பெயர் வாங்கிய அதே டிஇ20தான். மூன்றாவது, 1953-இல் வந்த டிரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் கார்.

டிஆர்2-இல் இருந்த அளவைப் பாருங்க. 83 மிமீ போர், 92 மிமீ ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர். பெருக்கினால் 1991 சிசி. வண்டலூர் காரில் இருந்த அதே எண். டிஆர்2-இல் அது 90 குதிரைத்திறன் கொடுத்தது, காரின் எடை 900 கிலோவுக்கும் குறைவு, மணிக்கு 100 மைலைத் தாண்டியது. ஆக, "டிராக்டர் எஞ்சினைப் போட்டு ஏமாத்திட்டாங்க" என்று ஒரேயடியாகச் சொல்வது அந்த எஞ்சினுக்குச் செய்கிற அநியாயம். டிராக்டரில் உழுதது, ஸ்போர்ட்ஸ் காரில் பறந்தது. 1953-இல், இலேசான உடம்பில். சிக்கல் என்னன்னா, 1985-இல் அதை 1,300 கிலோ உடம்புக்குள் வைத்து, விலை உயர்ந்த கார் என்று விற்றார்கள்.

சாஃப்ட்வேர் பாஷையில் சொல்லணும்னா, முன்பக்கம் புது டிசைன், பின்னால பழைய சர்வர். ஸ்கிரீன்ஷாட் எடுத்தா சூப்பரா இருக்கும். நூறு பேர் உள்ள வந்தா மூச்சு வாங்கும்.

மதராஸ் ஸ்டாண்டர்டு

இப்போ கொஞ்சம் பின்னால போவோம். இந்தக் கம்பெனி ஒன்றும் திடீரென்று முளைத்த கம்பெனி இல்லை.

1940-களின் இறுதியில் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) என்ற மதராஸ் நிறுவனமும் கோவென்ட்ரி ஸ்டாண்டர்டும் சேர்ந்து தொடங்கியது இது. முதலில் வேன்கார்டைக் கொண்டுவந்து பூட்டினார்கள். அப்போது இந்தியாவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட இதே பூட்டும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. 1953-இல் டாரிஃப் கமிஷன் வந்து கணக்கைத் தெளிவாகப் போட்டது: இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இருந்தால் இருங்கள், பூட்டி விற்பது மட்டும்தான் என்றால் வேண்டாம். அந்த இரண்டு அமெரிக்க ராட்சதர்களும் கிளம்பினார்கள். ஸ்டாண்டர்டு தங்கியது. எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸும் தங்கியது. 1955-இல் அதன் பெயர் அசோக் லேலண்டு ஆனது.

தங்கிய ஸ்டாண்டர்டு நல்லாவே வேலை செய்தது. 50-களில் சின்ன கார்களான எயிட்டும் டென்னும் வந்தன. 1961-இல் ஹெரால்டு. பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகி வீட்டு வாசலில் வந்து நிற்கும், முன்பக்கம் முழுசாக மூக்கோடு சேர்த்துத் திறக்கும் அந்தக் கார். இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்தது. பிரிட்டனில் இது டிரையம்ப் ஹெரால்டு, நமக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டில்தான் மதராஸ்காரர்கள் வெறும் நகல் எடுப்பவர்கள் இல்லை என்று காட்டினார்கள். பிரிட்டிஷ் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நம்ம ஊரில் காரில் மாமியாரும் ஏறணும், மாமனாரும் ஏறணும். முன் சீட்டை மடித்துக் குனிந்து பின்னால் நுழையச் சொன்னால் சண்டைதான் வரும். அதனால் நாலு கதவு ஹெரால்டு செய்தார்கள். உலகில் வேறு எங்கும் அப்படி ஒரு ஹெரால்டு உற்பத்தி ஆகவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதையே மாற்றி உருவாக்கிய கேஸல் வந்தது. அதில் ஹெரால்டின் தனித்தனியாக அசையும் பின் அச்சை எடுத்துவிட்டு, நம்ம ரோட்டுக்கும் மெக்கானிக்குக்கும் ஒத்துவரும் சாதாரண உறுதியான அச்சைப் போட்டார்கள். இது சின்ன விஷயமில்லை. தன் வாடிக்கையாளர் யார், அவர் ரோடு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரு டீம் செய்யும் வேலை இது.

பிறகு 1977-இல் கேஸல் நின்றது. அதன்பின் எட்டு வருடம் கார் இல்லை. ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் வகை வண்டிகளை வைத்துத் தொழிற்சாலை ஓடியது. எட்டு வருடம் ஒரு டீம் புது ரிலீஸே விடவில்லை என்றால் அந்த டீமில் என்ன நடக்கும் என்று ஆபீஸ் போகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்டாண்டர்டு 2000-ஐப் பற்றிப் பேசுபவர்கள் எஞ்சினைத் திட்டுவார்கள். நான் அந்த எட்டு வருடத்தைத்தான் முதலில் குற்றம் சொல்வேன்.

ஜாகுவாரும் இப்படித்தான் ஆரம்பித்தது

இப்போ ஜாகுவார். "இதுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்"னு கேப்பீங்க. ரத்த சம்பந்தம்.

1922-இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் வில்லியம் லையன்ஸ் என்ற 21 வயதுப் பையன், பக்கத்து வீட்டு வில்லியம் வாம்ஸ்லியுடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். கார் இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு சைட்கார். ஸ்வாலோ சைட்கார் கம்பெனி. பிறகு ஆஸ்டின் செவன் போன்ற சாதாரணக் கார்களுக்கு அழகான உடம்பு கட்டிக் கொடுத்தார்கள். 1928-இல் கோவென்ட்ரிக்கு இடம் மாறினார்கள். 1931-இல் தங்கள் பெயரிலேயே ஒரு கார் விட்டார்கள். எஸ்எஸ்1. நீளமான முன்மூக்கு, தாழ்ந்த கூரை, பார்த்தால் ஆயிரம் பவுண்டு கார். விலை 310 பவுண்டுதான்.

எஞ்சின்? ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியுடையது.

புரியுதா? 1931-இல் அசத்தலான உடம்பு, உள்ளே ஸ்டாண்டர்டின் சாதா எஞ்சின். 1985-இல் வண்டலூரில் அசத்தலான உடம்பு, உள்ளே ஸ்டாண்டர்டின் சாதா எஞ்சின். ஒரே சமையல் குறிப்பு. ஒன்று ஜாகுவார் ஆனது, இன்னொன்று மூடுவிழா கண்டது.

முதல் வித்தியாசம் விலை. லையன்ஸ் 'பார்க்க ஆயிரம், வாங்க முந்நூறு' என்று விற்றார். வாங்கியவருக்கு வேகம் குறைந்தாலும் ஏமாந்த உணர்வு வராது. வண்டலூரில் தலைகீழ். பார்க்கவும் பெரிய கார், விலையும் பெரிய கார் விலை, மூடியைத் திறந்தால் மட்டும் பெரியப்பா காலத்து எஞ்சின்.

இரண்டாவது வித்தியாசம்தான் முக்கியம். வேறொருவரின் எஞ்சினில் வாழ்நாள் முழுக்க ஓட முடியாது என்பது லையன்ஸுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டாண்டர்டின் தலைவர் ஜான் பிளாக், 40-களின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின் செய்யும் கருவிகளை லையன்ஸுக்கே விற்க ஒப்புக்கொண்டார். லையன்ஸ் ஒரு நாளும் காத்திருக்கவில்லை. பணத்தை அனுப்பி, லாரிகளையும் அனுப்பி, கருவிகளைத் தன் தொழிற்சாலைக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாளில் பிளாக் மனம் மாறி, திருப்பிக் கொடு என்று கேட்டாராம். லையன்ஸ் முடியாது என்றார். பிளாக் அதன்பிறகு டிரையம்ப் கம்பெனியை வாங்கினார், லையன்ஸோடு மோத. நம்ம ஹெரால்டு, டிஆர்2 எல்லாம் அந்த டிரையம்ப் பெயரில் வந்தவைதான். ஒரு கோபத்தின் பேரப்பிள்ளைகள்னு சொல்லலாம்.

போர்க்காலத்தில் குண்டு விழுந்து தீப்பிடிக்கிறதா என்று பார்க்க ராத்திரி முறை வைத்துத் தொழிற்சாலையில் காவல் இருப்பார்கள். லையன்ஸும் அவருடைய பொறியாளர்களான ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லியும் அந்தக் காவல் ராத்திரிகளில் உட்கார்ந்து சொந்த எஞ்சின் ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். 1945-இல் எஸ்எஸ் என்ற பெயர் ஹிட்லரின் படையை ஞாபகப்படுத்துவதால் அதை விட்டு, கம்பெனிக்கு ஜாகுவார் என்று பெயர் வைத்தார்கள். 1948-இல் அந்தச் சொந்த எஞ்சின் எக்ஸ்கே120 காரில் வெளிவந்தது. 120 என்பது மணிக்கு இத்தனை மைல். 1951-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. 1953, 55, 56, 57-இலும். 1961-இல் வந்த இ-டைப்பிலும் அதே எஞ்சின் குடும்பம், 1968-இல் வந்த எக்ஸ்ஜே6-இலும் அதே. டெய்ம்லர் லிமோசினில் 1992 வரை அது ஓடியது.

கவனிங்க, அதுவும் 44 வருஷம் ஓடின பழைய எஞ்சின்தான். பழசு என்பது குற்றமே இல்லை. தன் காலத்துக்கு முன்னால் போய் யோசித்துச் செய்த எஞ்சின் தாங்கியது. டிராக்டருக்கும் குடும்பக் காருக்கும் பொதுவாகச் செய்த எஞ்சின் ஒரு அளவுக்கு மேல் இழுக்கவில்லை.

ஏன் வி8 வரவில்லை

சரி, வண்டலூரில் இருந்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியாமல் இருந்திருக்காது. 80-களின் இந்தியாவில் ஒரு எஞ்சினை இறக்குமதி செய்வது என்றால் லைசென்ஸ், அந்நியச் செலாவணி, டெல்லிக்கு நடை. பெட்ரோல் விலைக்கு வி8 வாங்குபவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வி வேறு. பிரிட்டனிலேயே 1982-இல் எஸ்டி1-க்கு இரண்டு லிட்டர் எஞ்சின் வகை ஒன்று வந்துவிட்டது. ஆக, இரண்டு லிட்டர் என்ற முடிவு மட்டும் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் அது அந்தக் காலத்து எஞ்சின், சுமார் 100 குதிரைத்திறன். வண்டலூரில் கைக்கு எட்டிய இரண்டு லிட்டர், வேன்கார்டு காலத்தினுடையது.

இதே சிக்கல் கல்கத்தாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸுக்கும் வந்தது. 1984-இல் அவர்கள் கான்டெஸா விட்டார்கள். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பு, உள்ளே அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். ஸ்டாண்டர்டு 2000-ஐவிட மோசமான ஜோடி. ஆனால் சில வருடத்தில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்து மாற்றினார்கள். கார் 2002 வரை உயிரோடு இருந்தது. அவர்களுக்கு அம்பாசிடர் என்ற அட்சய பாத்திரம் இருந்தது. அரசாங்கம் வாங்கிக்கொண்டே இருக்கும், தப்பு செய்து திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். எட்டு வருடமாகக் கார் விற்காத ஸ்டாண்டர்டுக்கு அந்த அவகாசம் இல்லை. முதல் ரிலீஸே கடைசி ரிலீஸ்.

1988-இல் கேட் மூடியது. அந்தக் கேட்டுக்குள் பெயின்ட், வெல்டிங், லேத், ஃபிட்டிங் என்று முப்பது வருடம் கை பழகியவர்கள் இருந்தார்கள். நாலு கதவு ஹெரால்டு செய்த கைகள். கார் தொழிற்சாலை மூடினால் அந்தக் கைப்பழக்கம் அப்படியே இன்னொரு கார் தொழிற்சாலைக்குப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். போக இன்னொரு கார் தொழிற்சாலை பக்கத்தில் இல்லை. மறைமலை நகருக்கு ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்தது 90-களின் நடுவில். 25 வயது ஃபிட்டர் என்றால் காத்திருக்கலாம். 45 வயதுக்காரர் என்ன செய்வார்? நல்லவேளையாக பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் ஃபாஸனர்ஸ், ரானே என்று உதிரிபாகம் செய்கிற கம்பெனிகள் சென்னையில் விடாமல் நின்றன. 90-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே வந்ததற்கு அவையும் ஒரு காரணம்.

பெயர்ப்பலகை போன ஊர்வலம்

ஸ்டாண்டர்டு போன பிறகு, அதன் சொந்தக்காரப் பெயர்களெல்லாம் எங்கே போயின என்று தேடினால் தலை சுற்றும். மெதுவா சொல்றேன், தண்ணி குடிச்சிட்டுக் கேளுங்க.

பிரிட்டனில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப், ரோவர், ஜாகுவார் மூன்றும் 1968-இல் பிரிட்டிஷ் லேலண்டு என்ற ஒரே கூட்டுக் குடும்பத்துக்குள் வந்துவிட்டன. எஸ்டி1-இல் இருக்கும் எஸ்டி கூட அந்தக் கம்பெனியின் 'ஸ்பெஷலிஸ்ட் டிவிஷன்' என்ற பிரிவின் சுருக்கம்தான். ஸ்டாண்டர்டு என்ற பெயரை பிரிட்டனில் 1963-இலேயே கைவிட்டார்கள். 'டீலக்ஸ்' என்ற சொல் வந்த பிறகு 'ஸ்டாண்டர்டு' என்றால் மட்டமான மாடல் என்று அங்கே அர்த்தம் ஆகிவிட்டது. நம்ம ஊரில் "ஸ்டாண்டர்டான பொருள்"னா இன்னும் மரியாதைதான். அதனால் அந்தப் பெயர் வண்டலூரில் இன்னும் 25 வருடம் வாழ்ந்தது.

கூட்டுக் குடும்பம் உடைந்தது. ஜாகுவார் 1984-இல் தனியாகி, 1989-இல் 250 கோடி டாலருக்கு ஃபோர்டிடம் போனது. ரோவரை 1994-இல் பிஎம்டபிள்யூ வாங்கியது. 2000-இல் அதைக் கழற்றிவிட்டபோது லேண்டு ரோவர் ஃபோர்டுக்குப் போனது. ரோவர் என்ற பெயரை பிஎம்டபிள்யூ தன்னிடமே வைத்துக்கொண்டு 2006-இல் அதையும் ஃபோர்டுக்கு விற்றது. 2008 ஜூன் 2 அன்று டாடா மோட்டார்ஸ் ஜாகுவாரையும் லேண்டு ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கியபோது, ரோவர் என்ற பெயரும் கூடவே வந்தது. டிரையம்ப் கார் பெயர் இன்னும் பிஎம்டபிள்யூவிடம் இருக்கிறது.

இப்போ மறுபடி நம்ம ரயில் பாதை. வண்டலூர் காரின் ரோவர் பெயர் பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, டாடா என்று மூன்று கை மாறியது. பிஎம்டபிள்யூ பரனூரில். ஃபோர்டு மறைமலை நகரில். டாடா? 2024 செப்டம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஜாகுவார் லேண்டு ரோவர் வண்டிகளும் அதன் திட்டத்தில் உண்டு. யாரும் திட்டம் போட்டுச் செய்த ஏற்பாடு இல்லை இது. துறைமுகம், உதிரிபாகக் கம்பெனிகள், ஐடிஐ முடித்த பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு எல்லாரும் வந்தார்கள், அவ்வளவுதான்.

பிஎம்டபிள்யூவின் பாதையில் ஒரு விஷயத்தை மட்டும் நின்று பார்க்கணும். 2007 மார்ச்சில் திறந்தபோது அங்கே நடந்தது பூட்டும் வேலை, 50-களில் வேன்கார்டுக்கு நடந்த மாதிரியே. 2011 மத்திய பட்ஜெட்டில் ஒரு திருப்பம் வந்தது. எஞ்சினோ கியர்பாக்ஸோ முழுசாகப் பூட்டிய நிலையில் வந்தால் அந்த கிட்டுக்கு 10 சதவீத சுங்கவரி கிடையாது, கூடுதல் வரி என்றார்கள். 30 சதவீதத்தில் வந்து நின்றது. கொஞ்ச வருடத்தில், 2015-இல், அதே மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பிஎம்டபிள்யூவுக்கென்றே எஞ்சின் பூட்டும் கூடம் ஒன்றைத் திறந்தது. அச்சு, சீட், கதவு உட்பக்கம், புகைக்குழாய் என்று உள்ளூர்ப் பங்கு 50 சதவீதம் வரை போனது. 1953 டாரிஃப் கமிஷன் கேட்ட அதே கேள்வியை 2011 பட்ஜெட் வேறு வார்த்தையில் கேட்டது: எஞ்சின் எங்கே செய்கிறாய்?

இதை முழு வெற்றி என்று கொண்டாட எனக்குத் தயக்கம் இருக்கு. எஞ்சினைப் பூட்டுவது வேறு, உருவாக்குவது வேறு. அந்த எஞ்சினை மாற்றலாமா, நாலு கதவு வைக்கலாமா என்ற முடிவு பரனூரில் எடுக்கப்படுவதில்லை, மியூனிக்கில் எடுக்கப்படுகிறது. ஒரு விதத்தில் பார்த்தால் 60-களின் மதராஸ் ஸ்டாண்டர்டுக்கு இருந்த சுதந்திரம் இன்றைய பளபளப்பான தொழிற்சாலைக்கு இல்லை. ஆனால் பிஎம்டபிள்யூவில் சம்பளம் ஒழுங்காக வருகிறது, கார் விற்கிறது, கேட் திறந்திருக்கிறது. கேட் திறந்திருப்பதன் மதிப்பை 1988-இல் வேலை போனவர் ஒருவரிடம் கேட்டால் என்னைவிட நல்லாச் சொல்வார்.

கடைசியா ஒரு தகவல். தொழிற்சாலை மூடிய பிறகு அதன் கிடங்கில் ஸ்டாண்டர்டு 2000-க்கான உதிரிபாகங்கள் வருடக்கணக்கில் கிடந்தன. 2000-களின் நடுவில் நிலத்தை விற்கும் நேரத்தில் அவை வெளியே வந்தன. உள்ளூரில் அதற்கு என்ன தேவை, இரும்பு விலைக்குப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எஸ்டி1 அங்கே பழைய கார் ரசிகர்களின் செல்லம் ஆகியிருந்தது, புது உடம்புத் தகடு எங்கும் கிடைக்கவில்லை. ஒரு பிரிட்டிஷ் உதிரிபாக வியாபாரி மொத்தச் சரக்கையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். இங்கிலாந்தில் துருப்பிடித்து நின்ற பல ரோவர்களுக்குக் கதவும் மட்கார்டும் நம்ம வண்டலூரிலிருந்து போனது. எஞ்சின் மட்டும் யாரும் கேட்கலை.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.